சொல்லிக்கொண்டு போனவர்

“அப்ப நான் போயிட்டு வரேன் மாமி.”

சொல்லி முடித்து, வாசற்படி தாண்டி, ஒரு காலில் செருப்பையும் மாட்டிய பிறகுதான் ரகுபதிக்குத் தான் சொன்னது உறைத்தது.

இதையே ஒரு கல்யாண வீட்டில் சொல்லியிருந்தால் மரியாதை. காதுகுத்தில் சொல்லியிருந்தால் பண்பு. ரகுபதி சொன்னது துக்க வீட்டில். ஐந்து நாளைக்கு முன்னால் பத்ரிநாராயணனைத் தூக்கிக்கொண்டு போன மயிலாப்பூர் வீட்டில், அவர் மனைவி கோமளம் மாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். துக்கம் கேட்கப் போனவன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

மாமி அதுவரைக்கும் தலை நிமிரவே இல்லை. ரகுபதி உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கச் சுவரோரமாகத் தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவரும் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மாமி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இரண்டாவது செருப்புக்குள் கால் நுழைய மாட்டேன் என்றது.

மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் முதல் வேலையாக மதுராந்தகத்துக்குப் போன் போட்டார். மனைவி வேலம்மா எடுத்தாள்.

“வேலம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு.”

“எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டீங்களா?”

“அதெல்லாம் கேக்கல.”

“பின்ன?”

“போயிட்டு வரேன்னு சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“யார்கிட்ட?”

“மாமிகிட்டயேதான்.”

“நல்லாயிருக்குது போங்க. கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லி அனுப்பினேனே. எழுந்தமா, செருப்பைப் போட்டமா, வந்தமான்னு இருக்கணும்னு. அந்த வர்ஷினிப் பொண்ணு வேற மாசமா இருக்குது. மனுசன் போனதும் சனிக்கிழமை. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாங்க. நீங்க என்னடான்னா பச்சைக்கொடி காட்டிட்டு வந்து நிக்கிறீங்க.”

வர்ஷினி பத்ரியின் ஒரே மகள். எட்டு மாதம். கர்ப்பிணி துக்க வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் அவளைக் கொட்டிவாக்கத்தில் அவள் வீட்டிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்பா முகத்தைக்கூடப் போனில்தான் பார்த்தாளாம். சின்ன வயதில் அவளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தன் டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு போனவர் ரகுபதி. அந்தப் பெண்ணுக்குத் தன் வாயால் ஏதாவது வந்துவிட்டால் அப்புறம் உயிரோடு இருந்து என்ன பயன் என்று அவருக்குத் தோன்றியது.

பத்ரி மதுராந்தகத்தில் பேங்க் ஆபீசராக இருந்தபோது ரகுபதி வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். கீழே ரகுபதியின் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் மாடியில் கேரம் போர்டு விரியும். பத்ரி அழுகுணி ஆட்டம் ஆடுவார். கையும் களவுமாகப் பிடித்தால் கீதையிலிருந்து ஏதாவது சுலோகம் சொல்வார். ரகுபதிக்கு அர்த்தம் புரியாது என்பதால் ஆட்டம் அப்படியே தொடரும். இப்படிப் பதினோரு வருஷம்.

ஓய்வு பெற்று மயிலாப்பூருக்குப் போன பிறகும் வாரம் தவறாமல் போன் செய்வார். “ஓய், ஒரு நாள் கிளம்பி வாரும். போர்டுல தூசி படிஞ்சு கெடக்கு” என்பார். “வரேன் சார், வரேன்” என்பார் ரகுபதி. மாமி போனை வாங்கிக்கொண்டு, “எப்பதான் வரேள்?” என்பாள். “கண்டிப்பா வரேன் மாமி.” ஆறு வருஷமாக இதே பேச்சு. ரகுபதி போகவில்லை. சென்னை என்றாலே அவருக்கு ஆகாது. முன்பு ஒரு முறை தி. நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டம் அவரை அப்படியே தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டுப்புடவைக் கடை மூன்றாம் மாடியில் விட்டது. வெளியே வருவதற்குள் பொழுது போய்விட்டது. அதற்கப்புறம் மெட்ராஸ் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. இன்றைக்கும் வேலம்மா, “உயிரோட இருக்கும்போதுதான் போகல, இப்பவாவது போய்த் தொலைங்க. எனக்கு முட்டி வலி இல்லாட்டி நானே போயிருப்பேன்” என்று பிடித்துத் தள்ளியதால்தான் வந்தார். ஆறு வருஷமாக மாமியிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை. ஆள் எதிரில் இருந்ததும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

“இப்ப என்ன பண்றது வேலம்மா?”

“மறுபடி போங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க. இந்தத் தடவையாவது சொல்லிக்காம வந்து சேருங்க.”

“மறுபடி போனா, வரேன்னு சொன்னபடி வந்ததா ஆயிடாதா?”

“அதுக்குத்தான் போகச் சொல்றேன். வரேன்னு சொன்னீங்க, வந்துட்டீங்க, கணக்கு தீர்ந்துபோச்சு. இனிமே வேற எதுக்கும் வர வேண்டியதில்லையே.”

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டு ரகுபதி திரும்பவும் படியேறினார். பாதிப் படியில் கிச்சா எதிரே இறங்கி வந்தார். கிச்சா, பத்ரியின் தம்பி. அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் காரியம் செய்கிறவர் அவர்தான். மழித்த தலையும் ஈர வேட்டியுமாக இருந்தார்.

“என்ன சார், எதையானும் மறந்துட்டேளா?”

“குடை.”

“கையில இருக்கே.”

ரகுபதி பார்த்தார். இருந்தது.

“அது இல்ல, கண்ணாடி.”

கிச்சா ரகுபதியின் மூக்கையே பார்த்தார். பிறகு, “மன்னியைக் கூப்பிடட்டுமா? அஞ்சு நாளா இடத்தை விட்டு நகராதவ, நீங்க கிளம்பினதும் விருட்டுனு எழுந்து உள்ள போயிட்டா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா” என்றார்.

ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. தான் சொன்னதைத் தாங்க முடியாமல்தான் எழுந்து போயிருக்கிறாள். இனி எந்த முகத்தோடு அவள் எதிரில் போய் உட்காருவது?

“வேணாம், வேணாம். கூப்பிடாதீங்க.”

சரி, இந்த மாடிப்படியிலிருந்தாவது சொல்லிக்கொள்ளாமல் போவோம் என்று உதட்டை இறுக மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.

“சார்?”

ரகுபதி இன்னும் இரண்டு படி இறங்கினார்.

“சார், கோவமா?” கிச்சா பின்னாலேயே இறங்கி வந்தார். “எனக்குத் தலைகால் புரியலை சார். அண்ணா போனதுலேர்ந்து யார் வரா, யார் போறா, ஒண்ணும் மனசுல நிக்கலை. நான் ஏதாவது சரியா கவனிக்கலைன்னா மனசுல வெச்சுக்காதேங்கோ.”

குரல் உடைந்துவிட்டது. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்த மனுஷன் மாடிப்படியில் நின்று மன்னிப்புக் கேட்டால் யாரால் ஊமையாகப் போக முடியும்? ரகுபதி திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சேச்சே, கோவமெல்லாம் இல்ல தம்பி. அடுத்த தடவை வரும்போது சாவகாசமாப் பேசுவோம்.”

தெருமுனைக்கு வந்ததும் மறுபடி போன்.

“எந்த அடுத்த தடவை?” என்றாள் வேலம்மா.

ரகுபதி போனை மறு காதுக்கு மாற்றினார்.

“ஒரு தடவை சொன்னது போதாதுன்னு ரெண்டாவதுக்கும் சேர்த்து முன்பதிவு பண்ணிட்டு வந்திருக்கீங்க. உங்களைப் பெத்தாங்களா, செஞ்சாங்களா? சரி, இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. வர்ஷினி பேரைச் சொல்லி ஒரு பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைங்க. எல்லாம் அவன் பார்த்துப்பான். தீட்டோட போய் நிக்காதீங்க. குளிச்சுட்டுப் போங்க.”

“நடுத்தெருவுல எங்க குளிக்கிறது? எதிர்ல கபாலி கோயில் குளம் நிறையத் தண்ணி இருக்குது. சுத்தி வேலி போட்டு வச்சிருக்கான்.”

“அடையாறுல என் அண்ணன் மக அன்புச்செல்வி இருக்கா இல்ல? அங்க போங்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அடையாறு வரைக்கும் போனது.

அன்புச்செல்வி ஈக்காட்டுத்தாங்கலில் பிறந்து வளர்ந்து அடையாறுக்கு வாக்கப்பட்டவள். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து அவரைப் பார்த்ததுமே கையைக் குறுக்கே நீட்டினாள். அவளுக்கும் அத்தையிடமிருந்து போன் வந்துவிட்டது.

“மாமா, அங்கயே நில்லுங்க. மேல வந்துடாதீங்க. கொழந்தைக்கு மூணு மாசம். துக்க வூட்லேர்ந்து நேரா வந்தீங்கன்னு தெரிஞ்சா எங்க மாமியார் என்னைத் துக்கமாக்கிடுவாங்க. கார் கழுவுற பைப்பாண்ட போங்க, வந்துக்கினே இருக்கேன்.”

பக்கெட்டும் கையுமாக இறங்கி வந்தாள். கார் நிறுத்துகிற இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே, ரகுபதி வேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அன்புச்செல்வி முதல் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்தாள்.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஒருவர் நாய்க்குட்டியோடு அந்தப் பக்கம் வந்தார். “என்னம்மா இது, கார் கழுவுற இடத்துல ஆளைக் கழுவுற?”

“கார் வாங்க வசதி இல்ல அங்கிள். அதான் மாமாவைக் கழுவிக்கினு இருக்கேன்.”

அவர் விதிமுறை பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது பக்கெட் தலையில் விழுந்தபோது ரகுபதிக்கு அழுகை வந்துவிட்டது. செத்த செய்தி கேட்டபோது வரவில்லை. ரயிலில் வரவில்லை. படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்தபோதுகூட நெஞ்சு கல் மாதிரி கிடந்தது. முன்பின் தெரியாத கார்களுக்கு நடுவில் நனைந்து உட்கார்ந்திருக்கும்போது குலுங்கிக் குலுங்கி அழுகை வந்தது.

“தண்ணி ரொம்ப ஜில்லுனு கீதா மாமா?”

“இல்லம்மா. அவரு அழுகுணி ஆட்டம் ஆடுவாரு.”

“யாரு?”

“பத்ரி சார். சிவப்புக் காயை முழங்கையால தள்ளி விடுவாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டுடுவேன். ஜெயிச்சா அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வா வான்னு கூப்பிட்டாரும்மா. நான் வரல.”

அன்புச்செல்வி மூன்றாவது பக்கெட்டை அப்படியே கவிழ்க்காமல் சொம்பால் மொண்டு மெதுவாக ஊற்றினாள்.

மாற்றுத் துணி என்று அவள் கொண்டுவந்தது புருஷனுடைய கறுப்புக் கால்சட்டையும் பளீரென்ற மஞ்சள் பனியனும். பனியனில் முன்னாலும் பின்னாலும் இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருந்தது.

“என்னம்மா போட்டிருக்கு?”

“‘நிக்காம ஓடு’ன்னு மாமா. மாரத்தான் ஓடினப்ப குடுத்தாங்க. வேற எதுவும் உங்க அளவுக்கு இல்ல.”

ஈர வேட்டி சட்டையை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு, மஞ்சள் வெளிச்சமாக ரகுபதி தெருமுனைப் பிள்ளையாரைத் தேடிப் போனார். பக்கத்திலேயே ஒரு அம்மாள் பூவும் தேங்காயும் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு காய் வாங்கினார். கண்ணை மூடி, “வர்ஷினிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது சாமி, என் நாக்கு செஞ்ச தப்புக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சுடாதே” என்று வேண்டிக்கொண்டு கல்லைப் பார்த்து ஓங்கி வீசினார்.

காய் உடையவில்லை. கல்லில் பட்டு எகிறி, சாலையைத் தாண்டி உருண்டு, மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத்துக்கு அடியில் போய் மறைந்தது.

“இன்னா பெர்சு, பௌலிங் போடுறியா? இன்னொண்ணு வாங்கி நெதானமா போடு” என்றாள் கடைக்காரி.

இன்னொன்று வாங்கி நிதானமாகப் போட்டார். உடைந்தது. உள்ளே அழுகியிருந்தது.

ரகுபதி அப்படியே நின்றுவிட்டார்.

“காய் அழுவினா நல்லது நைனா. புட்ச்ச பீடையெல்லாம் அதோட போச்சுன்னு அர்த்தம்” என்றாள் அவள். விற்றவள் அவளாயிற்றே, வேறு என்ன சொல்வாள்?

அப்போது போன் அடித்தது. கிச்சா.

“சார், எங்க இருக்கேள்? மன்னி உங்களையே கேட்டுண்டிருக்கா. கொஞ்சம் உடனே வர முடியுமா? என்னால சமாளிக்க முடியலை. வர்ஷினியும்…”

அத்தோடு போன் செத்துவிட்டது. காலையிலிருந்து வேலம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் சார்ஜ் முழுக்கத் தீர்ந்திருந்தது.

ரகுபதி வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். மயிலாப்பூர் என்று மட்டும் சொன்னார். ஓட்டுநர் கண்ணாடியில் அவருடைய பனியனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னா சார், மாரத்தானா? ஆட்டோல போனா ஒத்துக்குவானா?”

“சீக்கிரம் போப்பா. ஒரு பொண்ணு உசிரு.”

ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார். தன்னால் முடிந்த சந்துகளிலெல்லாம் வண்டியை நுழைத்தார். ரகுபதி வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. பத்ரியையும் வேண்டிக்கொண்டார். சார், உங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடாதீங்க. ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க, இந்தத் தடவை மறு பேச்சில்லாம வந்துடறேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். லஸ் பக்கம் வந்ததும் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிட்டன. அங்கேயும் மெட்ரோ வேலை.

“இனி நகராது சார். எறங்கி ஓடினா சீக்கிரம் பூடலாம்.”

ரகுபதி இறங்கி ஓடினார். அறுபத்து நாலு வயசு. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஈரத்துணிப் பை, நெஞ்சில் ‘நிக்காம ஓடு’. பஸ் நிறுத்தத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் கை தட்டினார்கள். “கமான் தாத்தா, கமான்” என்று ஒருத்தி கத்தினாள். ஒருவர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ரகுபதிக்கு எதுவும் கண்ணில் தெரியவில்லை. டிவிஎஸ் ஐம்பதின் முன்னால் இரட்டைச் சடையோடு நின்ற சின்னப் பெண்தான் தெரிந்தாள்.

வீட்டு வாசலில் வீட்டுவேலை செய்கிற மணிமொழி நின்றுகொண்டிருந்தாள். காலையில் அவர் வந்தபோது எந்தக் கதவு என்று காட்டியவள். மஞ்சள் பனியனில் அவரை அடையாளம் தெரியாமல் ஒரு கணம் பார்த்தாள்.

“நீயா சார்? இன்னா இது கோலம்?”

“வர்ஷினிக்கு என்னம்மா ஆச்சு?” மூச்சு வாங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கு இன்னா? கொட்டிவாக்கத்துல நல்லா கீது. நிமிசத்துக்கு ஒரு வாட்டி போன் போட்டு, அம்மாவுக்கு இன்னா ஆச்சுன்னு கிச்சா சின்னய்யா உசுர எடுத்துக்கினு கீது.”

“அப்ப மாமிக்குத்தான் ஏதோ ஆயிடுச்சா?”

“அம்மா நல்லாத்தான் கீது.”

ரகுபதி கேட்டுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“நான் தெரியாமச் சொல்லிட்டேம்மா. துக்க வீட்டுல சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிட்டேன். மாமி ரொம்பக் கோவமா இருக்காங்களா? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டாங்களா?”

மணிமொழி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அஞ்சு நாளா வந்தவங்க அல்லாரும் சொல்லாம கொள்ளாம எழுந்து போய்க்கினே இருந்தாங்க, நீ மட்டும்தான் வரேன்னு சொல்ட்டுப் போனியாம், அதுக்கோசரம் ஒரு வாய் துன்னாம கெடந்த அம்மா எழுந்து சோறாக்கி, ரெண்டு எல போட்டு, வாசக் கதவத் தொறந்து வச்சுக்கினு குந்திக்கினு கீது சார்.”